பச்சைப் புத்தகம், பக்கம் 47

கூட்டத்தில் தெல்மா கார்த் தும்மினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ரயில் வரலாற்றுச் சங்கத் தலைவர் கோர்டன் பெட்ச் அவள் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டார். ஆர்க்கன்பி–ஸ்கார்விக் ரயில் பாதையின் வரலாற்றைப் பற்றி இதுவரை வந்த புத்தகங்கள், கட்டுரைகள், ஆவணங்கள் அத்தனைக்கும் ஒரு முழுப் பட்டியல் தயாரிக்கிற வேலை அப்படித்தான் அவள் தலையில் விழுந்தது.

"நான் சரின்னு சொல்லவே இல்லையே!" என்றாள்.

"மாட்டேன்னும் சொல்லலையே," என்றார் பெட்ச். "முப்பது வருஷம் டீச்சரா இருந்தவங்க. அடுத்தவன் எழுதினதுல தப்புக் கண்டுபிடிக்க உங்களை விட்டா யாரு இருக்கா?"

அந்தப் பாதை இருபத்து மூன்று மைல். 1863-இல் திறந்தார்கள், 1964-இல் மூடினார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போன பிறகு அதன் மேல் ஆடுகள் மேய்கின்றன. ஓடிய ரயில்களைவிட அதைப் பற்றி எழுதிய பக்கங்கள் அதிகம் என்று தெல்மாவின் கணவர் உயிரோடு இருந்தபோது சொல்வார்.

முக்கியமான புத்தகங்கள் மூன்று. சங்கத்தில் யாரும் அவற்றைத் தலைப்பு சொல்லிக் கூப்பிடுவதில்லை, அட்டையின் நிறம்தான் பெயர். பச்சை, பாதிரியார் கேவுட் 1965-இல் எழுதியது. மஞ்சள், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் 1972-இல் எழுதியது. நீலம் 1981-இல் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். நான்காவதாகப் பெட்சின் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. இதற்குப் பிறகு இந்தப் பாதையைப் பற்றி எவரும் எழுத வேண்டிய தேவை இருக்காது என்று முன்னுரையில் அவரே எழுதியிருந்தார்.

அந்த மார்ச் மாதம் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி, ஸ்கார்விக் மெதடிஸ்ட் மண்டபத்தில் நடந்தது. பொம்மை ரயில்கள் மேஜை மேல் சுற்றிக்கொண்டிருந்தன. தெல்மா புத்தகக் கடையில் உட்கார்ந்திருந்தாள். வினிகர் வாசனையோடு ஒரு பெண்மணி வந்து நின்றாள். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கைகளைப் பார்த்தாலே மீன் வெட்டுகிறவள் என்று தெரிந்தது.

"இதையெல்லாம் விக்கிறது நீங்கதானா?"

"ஆமா. எது வேணும்?"

"ஒண்ணும் வேணாம். மூணையும் படிச்சாச்சு. ஏமஸ் டக்கெட் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அந்தச் சங்கத்தில் அது தெரியாதவர் கிடையாது. 1887 நவம்பர் பதினொன்று, ஹாக்கில் விபத்து. மூடுபனியில், நின்றுகொண்டிருந்த கூட்ஸ் வண்டி மேல் சந்தை ரயில் மோதியது. மூன்று பேர் செத்தார்கள். சிக்னல் கேபினில் அன்றைக்கு வேலையில் இருந்தவர் ஏமஸ் டக்கெட்.

"குடிச்சிட்டு ரயிலை மோத விட்டவர்தானே?" என்றாள் தெல்மா.

"அவரு என் பூட்டன்," என்றாள் அந்தப் பெண்மணி. "நான் ஐவி டக்கெட். கடற்கரைத் தெருவுல மீன் வறுவல் கடை என்னோடது."

தெல்மாவுக்கு முகம் சூடாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். ஐவி கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க, நான் சண்டைக்கு வரல. அவரு சாராயத்தைத் தொட மாட்டேன்னு பதினாறு வயசுல சர்ச்சுல கையெழுத்துப் போட்டவரு. அந்தச் சீட்டு எங்க வீட்டுல சட்டம் போட்டு மாட்டியிருக்கு. கிறிஸ்துமஸ் கேக்குல பிராந்தி ஊத்திட்டான்னு கூடப்பொறந்த தங்கச்சி வீட்டுக்கே நாலு வருஷம் போகாத மனுஷன். அவரு குடிச்சதை யாரு பார்த்தாங்க? எதுல எழுதியிருக்கு? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

நியாயமான கேள்வி. இதற்காகத்தானே பட்டியலே போடுகிறோம் என்று தெல்மா நினைத்தாள்.

"ஒரு வாரம் டைம் குடுங்க," என்றாள்.

ஆறு மாதம் ஆயிற்று.

முதலில் பெட்சின் கையெழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கினாள். ஹாக்கில் அத்தியாயத்தில், 'கேபினில் இரண்டு காலி ஜின் பாட்டில்கள் கிடந்தன' என்று இருந்தது. அடிக்குறிப்பில் பச்சை, மஞ்சள், நீலம் மூன்றும் காட்டப்பட்டிருந்தன. 'தனித்தனியான மூன்று சான்றுகள்' என்று வேறு போட்டிருந்தார்.

நீலத்தைப் பிரித்தாள். 'குடிக்குப் பேர்போனவர்' என்று எழுதியிருந்தது. எதைப் பார்த்து? மஞ்சளைப் பார்த்து. மஞ்சளைப் பிரித்தாள். 'அன்று போதையில் இருந்தார்.' எதைப் பார்த்து? பச்சை, பக்கம் 47. பச்சையைப் பிரித்தாள். 'அன்று குடித்திருந்ததாகச் சொல்வார்கள்.' யார் சொல்வார்கள்? கீழே பொடி எழுத்தில் 'உள்ளூர்ச் சான்று' என்று இரண்டே வார்த்தை.

மூன்று சான்றும் ஒரே ஆளின் வாயிலிருந்து வந்தவை. ஒருவர் காதில் விழுந்ததை அடுத்தவர் கண்ணால் பார்த்ததாக ஆக்கியிருந்தார். அதற்கடுத்தவர் அதை வாழ்நாள் பழக்கமாக்கியிருந்தார். பெட்ச் வந்து பாட்டிலை வைத்திருந்தார்.

தெல்மா தொலைபேசியை எடுத்தாள்.

"கோர்டன், அந்த ஜின் பாட்டில் எங்கேர்ந்து வந்துச்சு?"

"எந்தப் பாட்டில்?"

"கேபின்ல கிடந்ததா நீங்க எழுதியிருக்கிற பாட்டில். மூணு புத்தகத்துலயும் இல்லையே அது."

"அது ஊகம், தெல்மா. குடிச்சாருன்னா பாட்டில் இருக்கணுமில்ல?"

"ரெண்டுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒரு பாட்டில்ல யாருக்கு அவ்வளவு போதை ஏறும்?"

தெல்மா தொலைபேசியை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் வேலியை வெட்டினாள். வெட்ட வேண்டியதற்கு மேலேயே வெட்டிவிட்டாள்.

மஞ்சள் எழுதியவர் இறந்துவிட்டார். நீலம் எழுதியவர் உயிரோடு இருந்தார். அவருக்குக் கடிதம் போட்டாள். பதில் வர வசதியாகத் தபால் தலை ஒட்டிய உறையும் வைத்தாள். ஆறு வாரம் கழித்து அதே உறையில் அவர் எழுதிய வேறொரு புத்தகத்தின் விளம்பரம் வந்தது. அதன் மூலையில், 'அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அம்மணி' என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

நீலத்தின் கடைசிப் பக்கத்தில், பார்த்த ஆவணங்கள் என்ற பட்டியலில், விபத்தைப் பற்றி அரசு ரயில் ஆய்வாளர் கொடுத்த அறிக்கையும் இருந்தது. அது லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் தெல்மா ரொட்டியும் சீஸும் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில் ரயிலை நிறுத்திப் பஸ்ஸில் ஏற்றினார்கள், பிறகு பஸ்ஸை நிறுத்தி ரயிலில் ஏற்றினார்கள். ரயில் வரலாற்றைத் தேடிப் போகிறவளுக்கு இதுவும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அறிக்கை ஒரு கட்டாக வந்தது. சிவப்பு நாடாவால் கட்டியிருந்தார்கள். முடிச்சு இறுகிப்போய் லேசில் அவிழவில்லை. அவிழ்த்ததும் பார்த்தாள். வெளியே தெரிந்த நாடா பழுப்பேறிக் கிடக்க, முடிச்சுக்குள் இருந்த பகுதி மட்டும் புதுசுபோல் செக்கச்செவேலென்று இருந்தது. நூற்றொன்பது வருஷமாக ஒருவரும் இதைத் திறக்கவில்லை. நீலம் எழுதிய மனிதர் தூரத்திலிருந்துகூட இதைப் பார்த்ததில்லை.

பதினொரு பக்கம். ஏமஸ் டக்கெட் அன்று பதினேழு மணி நேரமாகத் தொடர்ந்து கேபினில் இருந்தார். மாற்று ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். வேறு ஆள் அனுப்பச் சொல்லி ஆர்க்கன்பிக்கு டக்கெட் இரண்டு முறை தந்தி அடித்தார். பதில் வரவில்லை. பனியில் கைகாட்டி தெரியவில்லை. தண்டவாள ஓரத்தில் விளக்குக் காட்ட ஆள் போடவில்லை. கூட்ஸ் வண்டி போய்விட்டது என்று நினைத்து, களைப்பில் டக்கெட் தவறான நெம்புகோலை இழுத்தார். விபத்து நடந்த ஒரு மணி நேரத்தில் உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி அவரை நேரில் விசாரித்திருக்கிறார். 'கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார்' என்று எழுதியிருந்தது. தவறு ரயில் கம்பெனி மேல்தான் என்று கடைசி வரி. குடியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தெல்மா பிரதி எடுத்து ஒன்றைப் பெட்சுக்கும் ஒன்றை ஐவிக்கும் அனுப்பினாள்.

பெட்ச் உடனே கூப்பிட்டார். "அருமையான கண்டுபிடிப்பு, தெல்மா. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அவரு குடிக்கலைன்னு ஆய்வாளர் எங்கயும் சொல்லலையே."

"அவரு யானை மேல ஏறி வேலைக்கு வரலைன்னும் சொல்லல, கோர்டன்."

"கோவப்படாதீங்க. பாதிரியார் கேவுட் ஆதாரம் இல்லாம எழுதறவர் இல்ல. உள்ளூர்ச் சான்றுன்னு போட்டிருக்காரு. அது என்னன்னு தெரியற வரைக்கும் நான் ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்."

ஐவியும் கூப்பிட்டாள். எண்ணெய் கொதிக்கிற சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினாள். "பதினேழு மணி நேரமா! ரெண்டு தந்தியா! ஐயோ, எங்க அப்பா உயிரோட இருந்து இதைப் படிச்சிருக்கணும். அப்ப அந்தக் குடிகாரக் கதையை யாரு கிளப்பினது டீச்சர்? எவனோ ஒருத்தன் சொல்லியிருக்கணுமில்ல? விடாதீங்க அவனை. தரதரன்னு இழுத்துட்டு வாங்க."

"கொண்டு வரேன்," என்றாள் தெல்மா.

கேவுட் எப்போதோ இறந்துவிட்டார். அவர் மகள் ஹாரோகேட்டில் இருந்தாள். மூன்று கடிதத்துக்குப் பிறகு செப்டம்பரில் வரச் சொன்னாள். அப்பாவின் காகிதங்கள் கார் கொட்டகையில், விதை உருளைக்கிழங்குப் பெட்டிகளில் இருந்தன. ஒரு பெட்டியில் பூனை குட்டி போட்டிருந்தது.

"அந்தப் பெட்டியை மட்டும் தொடாதீங்க, அவ பிடுங்கிடுவா," என்றாள் மிஸ் கேவுட்.

தெல்மா மற்றப் பெட்டிகளை எல்லாம் பார்த்தாள். பிரசங்கக் குறிப்புகள், பஸ் நேர அட்டவணைகள், என்ஜின் எண்கள் எழுதிய நாற்பது நோட்டுகள். ஹாக்கில் பற்றி எதுவும் இல்லை. கடைசியில் பூனையின் பெட்டிக்கே வந்து சேர்ந்தாள். ஒரு கையில் மீன் துண்டைக் காட்டி, மறு கையை உள்ளே விட்டாள். இரண்டு கீறலும் ஒரு உறையும் கிடைத்தன. உறையின் மேல் 'ஹாக்கில்' என்று பாதிரியாரின் கையெழுத்து.

உள்ளே ஒரே ஒரு சின்ன விழா மலர். 1963-இல் பாதையின் நூற்றாண்டு விழாவுக்கு ஆர்க்கன்பி நகர்மன்றம் போட்டது, இருபத்து நான்கு பக்கம். பதினெட்டாம் பக்கத்தில் 'ஹாக்கில் துயரம்' என்று ஒரு கட்டுரை, எழுதியவர் பெயர் இல்லை. ஒரு பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது.

தெல்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'ஏமஸ் வெளியே எட்டிப் பார்த்தார். கைகாட்டி மரம் ஒன்றல்ல, இரண்டாகத் தெரிந்தது. இரண்டும் அவரைப் பார்த்து, போய்ப் படுத்துக்கொள் என்று கை ஆட்டின.'

திரும்பவும் படித்தாள். அவளுக்கு அது பழக்கப்பட்ட வாக்கியமாக இருந்தது. பச்சையிலும் மஞ்சளிலும் அது இல்லை, வேறெங்கோ கேட்டது. ஒரு குழந்தையின் குரலில் கேட்டது. அப்பாவின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் தேநீர் ஊற்றிய பாட்டிலோடு, மேடையில் தள்ளாடிக்கொண்டு ஒரு குழந்தை அதைச் சொன்னது. மண்டபம் முழுக்கச் சிரித்தது.

"என்னங்க, தண்ணி வேணுமா?" என்றாள் மிஸ் கேவுட். "முகமெல்லாம் வெளுத்துப் போச்சே."

"இதை எழுதினது யாருன்னு தெரிஞ்சுடுச்சு," என்றாள் தெல்மா.

"யாரு?"

"நான்."

1963-இல் அவளுக்கு வயது இருபத்தொன்பது. நூற்றாண்டு விழாவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாடகம் போட வேண்டும் என்று தலைமையாசிரியர் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார். தேதி, செத்தவர்கள் எண்ணிக்கை, சிக்னல்காரர் பெயர், அவ்வளவுதான் அதில் இருந்தது. மிச்சத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எழுதினாள். நாடகம் முழுக்க அழுகையாக இருந்ததால், நடுவில் சிரிக்க ஏதாவது வேண்டும் என்று சிக்னல்காரருக்குக் குடியைக் கொடுத்தாள். மலருக்குக் கட்டுரை கேட்டபோது தலைமையாசிரியர் அந்த நாடகத்தையே உரைநடையாக்கிக் கொடுத்துவிட்டிருக்க வேண்டும். அதைப் பாதிரியார் படித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்தில் அவள் எத்தனையோ நாடகம் எழுதினாள். இதை மறந்தே போனாள். பச்சைப் புத்தகம் வந்தபோது பக்கம் 47-ஐப் படித்து, 'ஆமாம், கேள்விப்பட்டிருக்கிறேன்' என்று தலையாட்டியதுகூட இப்போது நினைவுக்கு வந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு யார் மேல் எரிச்சல் படுவது என்றே தெரியவில்லை. ஆறு மாதமாகப் பெட்ச் மேலும், நீலம் எழுதியவர் மேலும், செத்துப்போன பாதிரியார் மேலும் எரிந்து விழுந்தாயிற்று. இப்போது மிஞ்சியது அவள் ஒருத்தி.

முதலில் ஐவியிடம்தான் போயிருக்க வேண்டும். ஆனால் புத்தகம் அச்சுக்குப் போகிறதே, அதை நிறுத்துவதுதான் அவசரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். பயம் என்பதுதான் உண்மை.

கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். தெல்மா எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

பெட்ச் தொண்டையைச் செருமினார். "ரொம்ப சுவாரசியம். இதுக்கு ஆதாரம் என்ன தெல்மா?"

"எதுக்கு?"

"அந்தக் குடியை நீங்களா கற்பனை பண்ணி எழுதினீங்கங்கிறதுக்கு."

"நான்தான் ஆதாரம்! நான்தானே எழுதினேன்!"

"அந்த நாடகத்தோட பிரதி இருக்கா?"

"முப்பத்து மூணு வருஷம் ஆச்சு கோர்டன். பள்ளிக்கூடத்தையே இடிச்சுட்டாங்க."

"அப்ப மலர்ல உங்க பேரு இருக்கா?"

"இல்ல."

பெட்ச் கைகளை விரித்தார். "அச்சில வந்தது ஒரு பக்கம், உங்க ஞாபகம் ஒரு பக்கம். எழுத்துல இல்லாததைச் சான்றா ஏத்துக்கக் கூடாதுன்னு பட்டியலுக்கு விதி போட்டதே நீங்கதான். நாலாவது விதி. தவிர, ஊர்ல யாரோ பெரியவங்க சொல்லக் கேட்டு நீங்க எழுதியிருக்கலாம், கேட்டதை மறந்திருக்கலாம், இல்லையா?"

"யாரும் சொல்லல! பிள்ளைங்க சிரிக்கணும்னு நானே எழுதினேன்!"

"அப்படின்னு இப்ப உங்களுக்குத் தோணுது," என்றார் பெட்ச் மிகவும் கனிவாக. அந்தக் கனிவைத்தான் தெல்மாவால் தாங்க முடியவில்லை. "புத்தகம் அச்சுல ஓடிட்டிருக்கு. அடுத்த பதிப்புல பார்ப்போம்."

ஏதோ ஒரு பொய்யைச் சொல்லி நம்ப வைப்பது இவ்வளவு சுலபமாக இருந்தது. அதே பொய்யை, நான் சொன்னது பொய்தான் என்று நம்ப வைக்க முடியவில்லை. அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்து, மீன் கடைக்குப் போனாள். ஐவி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தெல்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஆளைப் பிடிச்சிட்டீங்களா?"

"பிடிச்சுட்டேன். நான்தான் அது, ஐவி."

எதையும் மறைக்காமல் சொன்னாள். ஐவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நடுவில் ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று நினைத்ததுபோல் இருந்தது.

"எதுக்கு அப்படி எழுதினீங்க?"

"சிரிப்புக்காக."

"சிரிச்சாங்களா?"

தெல்மாவுக்குப் பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "சிரிச்சாங்க. ரொம்ப சிரிச்சாங்க."

"எங்க அப்பா அந்த ரயில்லதான் கேங்மேன். நூற்றாண்டு விழாவுக்குத் தொப்பி எல்லாம் துலக்கிப் போட்டுக்கிட்டுப் போனாரு. நான் அப்ப ஹல் டவுன்ல வேலையில இருந்தேன். பாதியிலேயே எழுந்து வந்துட்டாருன்னு அம்மா எழுதியிருந்தா. பல்வலியாம். அதுக்கப்புறம் அந்த மண்டபத்துப் பக்கமே அவரு போகல." ஐவி உப்புக் குடுவையை எடுத்து வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். "நாங்க அதைப் பல்வலின்னே நினைச்சிட்டிருந்தோம்."

தெல்மா அழுதாள். ஐவி அவளைத் தேற்றவில்லை.

"என்கிட்ட அழுது என்ன ஆகப்போவுது டீச்சரம்மா? எனக்குத்தான் உண்மை தெரியுமே. ஊருக்கு முன்னாடி சொன்னீங்க பொய்யை. ஊருக்கு முன்னாடி சொல்லுங்க இதை."

"சொன்னேன். நம்ப மாட்டேங்கிறாங்க."

"ஒன்பது பேரு ஊரா?"

நவம்பரில் அதே மெதடிஸ்ட் மண்டபத்தில் பெட்சின் புத்தக வெளியீடு. நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். மேஜையில் அடுக்கிய புத்தகங்கள் செங்கல் சூளைபோல் இருந்தன. பெட்ச் பேசி முடித்து, கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார். பின்வரிசையில் ஐவி எழுந்தாள், நல்ல கோட்டும் தொப்பியும் போட்டிருந்தாள்.

"கேள்வி இல்ல. ஒண்ணு படிக்கணும்," என்று சொல்லி, அனுமதிக்குக் காத்திராமல் ஆய்வாளர் அறிக்கையைப் படித்தாள். பதினேழு மணி நேரம். இரண்டு தந்தி. அழுதுகொண்டே சொன்ன பதில்கள். படித்து முடித்துவிட்டு உட்காராமலே நின்றாள்.

"நன்றி மேடம்," என்றார் பெட்ச். "ஆனா குடியைப் பத்தி வேற சான்றுகள்..."

தெல்மா எழுந்தாள். குரல் வகுப்பறைக் குரலாகத்தான் வந்தது. முப்பது வருஷம் அந்த ஊர்ப் பிள்ளைகளை அடக்கிய குரல் அது. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், தங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அந்தக் குடி நான் கட்டினது," என்றாள். "1963-ல ஒரு நாடகத்துக்காக. ஏமஸ் டக்கெட்டைப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது. அப்படி எழுதினது தப்பு. அவர் குடும்பத்துக்கிட்ட உங்க முன்னாடி மன்னிப்புக் கேக்கறேன்."

முன்வரிசையில் தலை நரைக்கத் தொடங்கிய ஒருவர் தலையை ஆட்டினார். "இல்ல மிஸ், எங்க அப்பாவே சொன்னாரே, டக்கெட் குடிகாரன்னு."

"உங்க அப்பா அதை எங்க தெரிஞ்சுக்கிட்டாரு, ஸ்டான்லி?"

அவர் யோசித்தார். "பச்சைப் புத்தகத்துல படிச்சாரு."

யாரோ சிரித்தார்கள். பிறகு நடுவரிசையிலிருந்து ஒரு பெண்மணி, ஐம்பதை நெருங்குகிற வயது, தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள். "மிஸ், அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஆடினது நான்தான். நீங்க எனக்கு எழுதிக் குடுத்த வசனத்தை எங்கம்மா எடுத்து வெச்சிருந்தாங்க. உங்க கையெழுத்துலயே இருக்கு. ஓரத்துல, 'இங்கே இன்னும் தள்ளாடு, டக்கெட் நிஜத்தில் எப்படி இருந்தாரோ தெரியாது, நாம் சிரிக்க வைப்போம்'னு எழுதியிருப்பீங்க."

தெல்மா பெட்சைப் பார்த்தாள். "எழுத்துல இருக்கு கோர்டன். போதுமா?"

பெட்ச் தண்ணீரைக் குடித்தார். புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்க முடியாது, திருத்தச் சீட்டு வேண்டுமானால் ஒட்டலாம் என்றார். அச்சான புத்தகங்கள் அறுநூறு. யார் ஒட்டுவது என்ற கேள்வி வந்தபோது தெல்மா தும்மாமலேயே கை தூக்கினாள்.

மூன்று நாள் ஒட்டினாள். இரண்டாம் நாள் ஐவி வந்து எதிரே உட்கார்ந்தாள். நட்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. "கோணலா ஒட்டறீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெட்ச் ஒருமுறை எட்டிப் பார்த்து, ஜின் பாட்டில் வரியையாவது விட்டுவைக்கலாமா என்று கேட்டார். ஐவி அவரைப் பார்த்த பார்வையில் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

குளிர்காலத்தில் தெல்மாவின் பட்டியலும் அச்சாகி வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். ஹாக்கில் தலைப்பில் தன் நாடகத்தையும் சேர்த்து, எதிரே கொட்டை எழுத்தில், 'முழுக்கக் கற்பனை. இதில் உள்ள எதையும் யாரும் நம்ப வேண்டாம்' என்று போட்டிருந்தாள்.

ஏப்ரலில் நாடு முழுக்க விற்கிற ஒரு ரயில் மாத இதழ் வந்தது. கிளைப் பாதை விபத்துகளைப் பற்றி ஆறு பக்கக் கட்டுரை. அதில் ஹாக்கில்லும் இருந்தது. குடிகார சிக்னல்காரரும் இருந்தார். தெல்மா அடிக்குறிப்பைப் பார்த்தாள். 'தெ. கார்த், நாடகக் கையெழுத்துப் பிரதி, 1963. இவ்விபத்தில் குடியைக் குறிப்பிடும் மிகப் பழைய சான்று.'

இதழைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகக் கடற்கரைத் தெருவுக்கு நடந்தாள். கடையில் நான்கு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய், பக்கத்தைத் திறந்து கவுண்டரில் வைத்தாள். ஐவி எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் படித்தாள். அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கேட்டு வரிசையில் நின்ற பாதிரியார் ஒருவர் கூரையைப் பார்த்தார்.

"படிக்கத் தெரியாதவனுங்களா இவனுங்க?" என்றாள் ஐவி. "உங்க பட்டியல்ல நம்ப வேண்டாம்னு அவ்வளவு பெருசா போட்டிருக்கு!"

"நாடகத்தோட பேரைப் படிச்சவன், எதிர்ல போட்டிருந்ததைப் படிக்கல."

"பேனா இருக்கா?"

"இருக்கு."

"எழுதுங்க." ஐவி மீன் சுற்றுகிற வெள்ளைத் தாள் ஒன்றை உருவி நீட்டினாள்.

"அன்புள்ள ஆசிரியருக்குன்னு ஆரம்பிக்கவா?"

"அன்பாவது மண்ணாங்கட்டியாவது. நேரா விஷயத்துக்கு வாங்க டீச்சர்."

தெல்மா கவுண்டர் மேல் குனிந்து தேதியைப் போட்டாள். "பொறுங்கப்பா, அஞ்சு நிமிஷம்," என்று வரிசையைப் பார்த்துக் கத்தினாள் ஐவி, அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி நின்றாள்.